மாதிரி ராக்கெட்: கட்டுதலும் பறக்கவிடுதலும்

ஒரு பொருளை வானை நோக்கி எறிவது எளிது. எறிந்த பொருள் குறித்த பாதையில் ஏறி, உச்சியை அடைந்து, வேகம் தணிந்து, சேதமின்றி மண்ணைத் தொடுமாறு செய்வதே அரிது. அந்த அரிய செயலைப் பள்ளி மாணவனும் செய்து பார்க்கும்படி அமைந்தது மாதிரி ராக்கெட் ஆகும். காகிதக் குழல், மரச் சிறகு, பிளாஸ்டிக் கூம்பு, மெல்லிய துணியாலான பாரசூட் ஆகியவற்றைக் கொண்ட இப்பொருள் விளையாட்டுச் சாமான்போலத் தோன்றினும், அதன் இயக்கத்தை ஆளும் விதிகள் பேரளவு ராக்கெட்டுகளை ஆளும் விதிகளே.

1967ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் தும்பாவிலிருந்து ஏவப்பட்டதும், இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதல் ஆய்வு ராக்கெட்டுமான ரோகிணி-75இன் குறுக்களவு 75 மில்லிமீட்டரே. நடுத்தர மாதிரி ராக்கெட்டுகள் பலவற்றின் குறுக்களவும் ஏறத்தாழ அவ்வளவே. எடையிலும் ஆற்றலிலும் நோக்கத்திலும் இரண்டுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. எனினும், சிறகு ஏன் வாலில் இருத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு இரண்டும் தரும் விடை ஒன்றுதான்.

மாதிரி ராக்கெட்டைப் பற்றிப் பேசும்போது முதலில் மனத்திற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. இக்கலை வளர்ந்ததற்குக் காரணம் உயரப் பறக்கவேண்டும் என்ற ஆசை மட்டுமன்று. இளைஞர்களின் கைகளையும் கண்களையும் உயிரையும் காக்கவேண்டும் என்ற கவலையும் ஆகும். அந்த வரலாற்றை அறியாமல் கட்டுமான முறையை மட்டும் கற்பது பாதி கற்றதேயாம்.

தோற்றம்

இக்கலை அமெரிக்க ஐக்கிய நாட்டில் தோன்றியது. நெப்ராஸ்கா மாநிலத்து நார்ஃபோக் நகரில் பாதரட்சைக் கடை நடத்திவந்த ஆர்வில் கார்லைல் என்பவர் வாணவேடிக்கையில் ஈடுபாடு கொண்டவர். அவருடைய சகோதரர் ராபர்ட் மாதிரி விமானங்களில் பற்றுடையவர். ராக்கெட்டைப் பற்றி விளக்கவுரை நிகழ்த்துவதற்கு ராபர்ட்டுக்குப் பறக்கும் மாதிரி ஒன்று தேவைப்பட்டது. அதற்காக 1954ஆம் ஆண்டில் ஆர்வில் ஒரு சிறு ராக்கெட்டைச் செய்தார். கருமருந்து அடைத்த காகித மோட்டார் அதனை உயர்த்திற்று. உச்சியில் பாரசூட் விரிந்து அதனை மெல்ல இறக்கிற்று. மோட்டாரை மாற்றி மீண்டும் பறக்கவிட முடிந்தது.

அக்காலத்தில் நியூ மெக்சிகோவிலுள்ள ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகளத்தில் பணியாற்றிய ஹாரி ஸ்டைன் என்பவர் ராக்கெட்டுப் பணியின் பாதுகாப்பைக் குறித்துப் பத்திரிகையில் எழுதிவந்தார். இளைஞர் பலர் தாமே மருந்தைக் கலந்து உலோகக் குழாயில் அடைத்து ஏவ முற்பட்டு ஊனமுறுவதும் இறப்பதும் அவரது கவலைக்குக் காரணமாயின. அவருடைய கட்டுரையைப் படித்த கார்லைல், 1957இன் தொடக்கத்தில் தம் மாதிரிகள் சிலவற்றை அவருக்கு அனுப்பிவைத்தார். தாம் தேடிய விடை அவற்றில் இருப்பதை ஸ்டைன் உணர்ந்தார். அவ்வாண்டிலேயே மாதிரி ராக்கெட் சங்கம் ஒன்றும், மாதிரிகளை விற்கும் நிறுவனம் ஒன்றும் அவர் முயற்சியால் தோன்றின. அச்சங்கமே பின்னர் ராக்கெட்ரி தேசிய சங்கம் என்னும் பெயரால் வளர்ந்து, இன்றளவும் பாதுகாப்பு நெறிமுறையை வகுத்துவருகின்றது.

அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் விண்ணில் ஏறியது. ராக்கெட் ஆர்வம் ஊரெங்கும் பரவ, வீட்டின் பின்புறங்களில் நிகழ்ந்த விபத்துகளும் பெருகின. மோட்டார்களை ஒரே சீரான தரத்தில் மிகுதியாகச் செய்துதர ஒருவர் தேவைப்பட்டார். டென்வர் நகரில் வாணவேடிக்கைத் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்த வெர்னான் எஸ்டஸ் அப்பொறுப்பை ஏற்றார். சில விநாடிகளுக்கு ஒரு மோட்டார் வீதம் தானே செய்யும் இயந்திரம் ஒன்றை அவர் அமைத்தார். அதற்கு மேபெல் என்று பெயரும் இட்டார்.

இந்த வரலாற்றிலிருந்து பிறந்த அடிப்படை விதி ஒன்றே: மருந்தைக் கலப்பதும் அடைப்பதும் தொழிற்சாலையின் வேலை, உடலைக் கட்டுவதும் பறக்கவிடுவதும் ஆர்வலரின் வேலை. இவ்விரண்டையும் பிரித்துவைத்ததே பெரிய கண்டுபிடிப்பு எனலாம். குழல் உலோகமாக இல்லாமல் காகிதமாக இருப்பதும் இதே நோக்கம் பற்றியே. ஏதேனும் பிழை நேரின், காகிதம் நசுங்கும் அல்லது கிழியும். உலோகமோ கூரிய சில்லுகளாகச் சிதறும்.

மோட்டாரும் அதன் ஆற்றலும்

மாதிரி ராக்கெட் மோட்டார்கள் ஆங்கில எழுத்துகளால் வகைப்படுத்தப்படுகின்றன. உந்துவிசையை அது செயற்படும் நேரத்தாற் பெருக்கிவரும் மொத்தக் கணத்தாக்கே இப்பாகுபாட்டுக்கு அடிப்படை. ஏ வகையின் மேல் எல்லை 2.5 நியூட்டன்-விநாடி. அடுத்தடுத்த ஒவ்வோர் எழுத்துக்கும் இவ்வெல்லை இருமடங்காகும். அவ்வாறு பி 5, சி 10, டி 20, இ 40, எஃப் 80, ஜி 160 என உயர்கின்றது. இவற்றுள் இ, எஃப், ஜி ஆகிய மூன்றையும் நடுத்தர ஆற்றல் வகை என்பர். எழுத்து ஒன்று கூடினால் ஆற்றல் சிறிது கூடும் என எண்ணுவோர் இருமடங்கு என்பதை மறந்துவிடுகின்றனர். ஏ வகையின் எல்லையோடு ஒப்பிட்டால் ஜி வகையின் எல்லை 64 மடங்காகும்.

மோட்டாரின் மேல் ‘எஃப் 50-6’ என எழுதியிருப்பின், எஃப் என்பது வகையையும், 50 என்பது சராசரி உந்துவிசை 50 நியூட்டன் என்பதையும், 6 என்பது எரிதல் முடிந்தபின் பாரசூட்டை வெளித்தள்ளும்வரை கழியும் விநாடிகளையும் குறிக்கும். எஃப் வகையின் மேல் எல்லை 80 ஆதலால், இம்மோட்டார் 1.6 விநாடிக்குமேல் எரிய இயலாது. எஞ்சிய பயணம் முழுவதும் ஏற்கெனவே பெற்ற வேகத்தால் நிகழ்வதே.

சிறிய வகைகளில் கருமருந்து பயன்படுகின்றது. நடுத்தர மோட்டார்களில் பெரும்பாலானவை அம்மோனியம் பெர்குளோரேட்டும் செயற்கை ரப்பரும் சேர்ந்த கூட்டு உந்துபொருளைக் கொண்டவை. நம் நாட்டின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதற்கட்டத்தில் எரிவதும் இதே இனத்தைச் சேர்ந்த திட உந்துபொருளே. சமமான எடையில் இது கருமருந்தைவிட மிகுந்த ஆற்றல் தருகின்றது.

உடலைக் கட்டுதல்

எடுத்துக்காட்டாக, குறுக்களவு 66 மில்லிமீட்டரும் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டரும், மோட்டாருடன் எடை 700 கிராமும் உள்ள ஒரு ராக்கெட்டைக் கொள்வோம். இதன் பாகங்கள் பெட்டியில் அளவாக வெட்டப்பட்டு வருகின்றன. பசையிடுமுன் அனைத்தையும் உலர்வாகப் பொருத்திப் பார்ப்பதே முதல் வேலை. பசை காய்ந்தபின் திருத்துதல் இயலாது.

முதலிற் செய்யவேண்டுவது மோட்டார்க் கூடு. 29 மில்லிமீட்டர் மோட்டார் செல்லத்தக்க உட்குழல், ஒட்டுப்பலகையாலான வளையங்களின் துணையால் வெளிக்குழலின் நடுவே நிறுத்தப்படுகின்றது. மோட்டாரின் தள்ளுதல் முழுவதையும் உடலுக்குச் சேர்ப்பவை இவ்வளையங்களே. ஆதலால் ஒவ்வொரு வளையத்தையும் சுற்றி இருபுறமும் எபாக்சிப் பசை இடவேண்டும். குழலின் உட்புறத்தை உப்புத்தாளால் சற்றுச் சொரசொரப்பாக்கினால் பசை நன்கு பற்றும். மோட்டார் முன்னோக்கிச் செல்லாமல் தடுப்பது ஒருபுறமிருக்க, பின்னோக்கி நழுவாமல் தடுக்கும் பிடிப்பும் தேவை. வெளித்தள்ளும் மருந்து வெடிக்கும் கணத்தில் பிடிப்பில்லாத மோட்டார் பின்புறமாகக் கழன்றுவிடும். அழுத்தம் முழுவதும் அவ்வழியே வீணாக, பாரசூட் உள்ளேயே தங்கிவிடும். ராக்கெட் தலைகீழாக மண்ணில் குத்தும்.

அடுத்தது சிறகுகளின் இடத்தைக் குறித்தல். ஒரு காகித நாடாவைக் குழலைச் சுற்றி ஒட்டி அதன் நீளத்தை அளந்தால் சுற்றளவு கிடைக்கும். 66 மில்லிமீட்டர் குறுக்களவுக்கு அது ஏறத்தாழ 207 மில்லிமீட்டர். மூன்று சிறகுகளாயின் நாடாவை 69 மில்லிமீட்டர் வீதம் மூன்றாகப் பிரித்து மீண்டும் குழலிற் சுற்றிக் குறியிடலாம். குறியிலிருந்து நீளவாட்டில் நேர்கோடு வரைவதற்கு எல் வடிவமுள்ள அலுமினியச் சட்டத்தைக் குழலின் மேல் பொருத்தினால் போதும். கோடு கோணினால் சிறகு கோணும். சிறகு கோணினால் ராக்கெட் ஏறும்போது சுழலும்.

சிறிய மாதிரிகளுக்குப் பால்சா மரச் சிறகு போதுமானது. நடுத்தர வகையில் வேகம் மிகுதியாதலால் ஒட்டுப்பலகை அல்லது வார்த்த பிளாஸ்டிக் சிறகுகளே பொருத்தமானவை. மெல்லிய சிறகு பெருவேகத்தில் கொடித்துணிபோல் நடுங்கி முறிந்துவிடக்கூடும். சிறகின் அடிப்பகுதி வெளிக்குழலின் வெட்டுக்குள் நுழைந்து மோட்டார்க் குழலைத் தொட்டுநிற்குமாறு அமைப்பதே உறுதியான முறை. வெளியே சிறகும் குழலும் சேரும் மூலைகளில் பசையை வளைவாக இட்டு விரலால் வழித்துவிடவேண்டும். எபாக்சிப் பசையைக் கையாளும்போது கையுறை அணிதலும் காற்றோட்டமான இடத்தில் அமர்தலும் இன்றியமையாதவை.

உடலையும் கூம்பையும் இணைக்கும் கயிறு சிறிய பாகமாயினும் பெரும் பொறுப்புடையது. வெளித்தள்ளும் மருந்து வெடித்தவுடன் கூம்பு விசையோடு வெளியேறும். கயிறு குட்டையாயின் அது எல்லையை எட்டியதும் வெட்டி இழுத்து, கூம்பை மீண்டும் உடலின்மேல் மோதச் செய்யும். ஆகவே உடலின் நீளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளமேனும் விடுதல் நன்று. கயிற்றின் கீழ்ப்பகுதி சூடான வாயுவில் படுவதால், தீயைத் தாங்கும் கெவ்லார் கயிற்றை அங்கே பயன்படுத்துகின்றனர்.

பூச்சிடுதல்

பூச்சு அழகுக்காக மட்டும் எனக் கருதுதல் தவறு. கரடான மேற்பரப்பு காற்றின் தடையைக் கூட்டி உயரத்தைக் குறைக்கும். காகிதக் குழலில் சுருள் வரிகள் பள்ளமாகத் தெரியும். அவற்றில் மக்கு வைத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். மரச் சிறகின் நார்வரிகளையும் அவ்வாறே நிரப்பவேண்டும். முதலில் கரடான தாள், பின் நடுத்தரம், இறுதியில் மென்மையான தாள் என்பதே முறை. தேய்க்கும் தூளை மூச்சோடு உள்ளிழுக்காதவாறு முகமூடி அணிதல் வேண்டும். அதன்பின் பிரைமர், அது காய்ந்ததும் மீண்டும் தேய்த்தல், பிறகு வண்ணம். ஒரே முறை தடிப்பாகப் பூசினால் வண்ணம் வழியும். மெல்லியதாகப் பல முறை பூசுவதே சிறந்தது.

இருவகை இடங்களில் வண்ணம் படலாகாது. ஒன்று, கூம்பின் உட்செருகும் பகுதி. மற்றொன்று, மோட்டார்க் குழலின் உட்புறம். இவ்விடங்களில் ஒரு படலம் ஏறினாலும் பொருத்தம் இறுகிவிடும். கூம்பின் பொருத்தத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. ராக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்தால் கூம்பு தானே விழாமல் நிற்கவேண்டும்; சற்றே குலுக்கினால் கழலவேண்டும்.

வண்ணத்துக்கும் எடை உண்டு என்பது மறக்கத்தகாதது. பூசுமுன்னும் பூசியபின்னும் நிறுத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். சிறகுகள் வாலில் இருப்பதால் பசையும் மக்கும் வண்ணமும் அங்கேதான் மிகுதியாகச் சேர்கின்றன. இதனால் ஈர்ப்பு மையம் பின்னோக்கி நகர்கின்றது. அதன் விளைவு யாது என்பது அடுத்த பகுதியில் விளங்கும். நிறத்தைப் பொறுத்தவரை, வெண்ணிறம் மேகத்தில் மறைந்துவிடும். வானத்தின் எதிரே கறுப்பும், புல்லின்மேல் செம்மஞ்சளும் எளிதிற் கண்ணுக்குத் தெரியும்.

நிலைப்பு

பறக்கும் ராக்கெட் தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றியே திரும்பும். காற்றின் பக்கவாட்டு விசைகள் அனைத்தும் ஒருங்கே செயற்படுவதாகக் கொள்ளத்தக்க புள்ளி அழுத்த மையம் எனப்படும். அழுத்த மையம் ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருப்பின், மூக்கு சற்றுத் திரும்பியவுடன் காற்று வாலைத் தள்ளி மூக்கை மீண்டும் பாதைக்குக் கொண்டுவரும். அம்பின் இறகு செய்யும் வேலையும் இதுவே. அழுத்த மையம் முன்னால் இருப்பின், சிறு திருப்பமும் பெருகி, ராக்கெட் எத்திசையிற் செல்லும் என்று சொல்லமுடியாமற் போகும். மோட்டார் எரிந்துகொண்டிருக்கும்போது அவ்வாறு நேர்வதே மாதிரி ராக்கெட்டில் அஞ்சத்தக்க நிலை.

ஆகவே, ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்குக் குறைந்தது ஒரு குறுக்களவேனும் முன்னால் இருத்தல்வேண்டும் என்பது விதி. எடுத்துக்காட்டு ராக்கெட்டுக்கு அது 66 மில்லிமீட்டர். ஈர்ப்பு மையத்தைக் காண்பதற்கு மோட்டாரும் பாரசூட்டும் பொருத்திய ராக்கெட்டை ஒரு கயிற்றுக் கண்ணியில் கிடையாகத் தொங்கவிட்டு, சமன்படும் இடத்தைக் குறித்தால் போதும். அழுத்த மையத்தைக் காண்பது அவ்வளவு எளிதன்று. அமெரிக்க விண்வெளி நிறுவனத்தில் ஆய்வு ராக்கெட் பிரிவிற் பணியாற்றிய ஜேம்ஸ் பேரோமன், மாதிரி ராக்கெட் ஆர்வலர் கையாளத்தக்க கணக்கு முறையை 1966இல் வெளியிட்டார். கூம்பின் வடிவம், சிறகின் அகலம், நீளம், இருப்பிடம் ஆகிய அளவுகளிலிருந்தே மையத்தைக் கணக்கிட அது வழிசெய்தது. இன்று கணிப்பொறி அவ்வேலையை நொடியிற் செய்துவிடுகின்றது. ஆனால், கணிப்பொறிக்குக் கொடுக்கும் எடை பூச்சிட்டபின் நிறுத்த உண்மையான எடையாக இருத்தல்வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்ட எடையைக் கொடுத்தால் விடை பொய்யாகும்.

சிறிய ராக்கெட்டுக்குச் சுழற்றிப் பார்க்கும் சோதனையும் உண்டு. ஈர்ப்பு மையத்திற் கயிற்றைக் கட்டி, திறந்த வெளியில் தலைக்குமேல் வட்டமாகச் சுழற்றினால், நிலைப்புள்ள ராக்கெட் மூக்கை முன்னிறுத்தியே செல்லும். நிலைப்பற்றது பக்கவாட்டில் திரும்பும் அல்லது வால் முன்னாகச் செல்லும். அவ்வாறாயின் மூக்கில் எடை கூட்டுதல், சிறகைப் பெரிதாக்குதல் என்னும் இரண்டே பரிகாரங்கள். மோட்டார் எரிய எரிய வாலின் எடை குறைந்து ஈர்ப்பு மையம் முன்னேறுவதால், நிலைப்பு பயணத்தில் கூடுமே தவிரக் குறையாது. எனவே புறப்படும் நிலையையே சோதிக்கவேண்டும்.

சிறகு வேலை செய்வதற்குக் காற்றோட்டம் வேண்டும். ஏவப்பட்ட முதற்கணத்தில் வேகம் இல்லை. ஆதலால் சிறகுக்குப் பயனும் இல்லை. அதுவரை ராக்கெட்டை நேராக வழிநடத்துவதே ஏவுதண்டின் வேலை. 700 கிராம் எடையுள்ள ராக்கெட்டின்மீது 50 நியூட்டன் விசை செயற்படும்போது, புவியீர்ப்பைக் கழித்தபின் முடுக்கம் விநாடிக்கு விநாடி ஏறத்தாழ 61.6 மீட்டர். தண்டின்மேல் 1.5 மீட்டர் தூரம் ஊர்ந்து வெளியேறும்போது வேகம் விநாடிக்கு 13.6 மீட்டர் ஆகின்றது. இது சிறகுகள் பற்றிக்கொள்வதற்குப் போதுமானது. உந்துவிசை புறப்படும் எடையைப்போல் ஐந்து மடங்கேனும் இருக்கவேண்டும் என ஆர்வலர் வைத்துள்ள விதி இந்தக் கணக்கின் சுருக்கமே. இங்கு அது ஏழு மடங்குக்குமேல் உள்ளது.

பாரசூட்

எரிந்த மோட்டாருடன் 650 கிராம் எடை, விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்கவேண்டுமாயின், வட்டமான பாரசூட்டின் குறுக்களவு ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் இருக்கவேண்டும் என்று கணக்கிடலாம். சிறியதாயின் சிறகு முறியும். பெரியதாயின் ராக்கெட் காற்றோடு நெடுந்தூரம் போய்விடும். 250 மீட்டர் உயரத்திலிருந்து அவ்வேகத்தில் இறங்குவதற்கு 50 விநாடி ஆகும். அந்நேரத்தில் விநாடிக்கு 5 மீட்டர் வீசும் காற்று அதனை 250 மீட்டர் அடித்துச் செல்லும். களம் அகன்றிருக்கவேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுவே.

தாமத நேரமும் பொருந்தவேண்டும். உச்சியில் வேகம் மிகக் குறைவு. அப்போது பாரசூட் விரிவதே முறை. முன்போ பின்போ விரிந்தால், வேகத்தோடு செல்லும் உடலைக் கயிறு பின்னிழுத்து, காகிதக் குழலை நீளவாட்டிற் கிழித்துவிடும். பாரசூட்டுக்குக் கீழே தீப்பிடிக்காத தாளோ துணியோ இடவேண்டும். இல்லையேல் சூடான வாயு அதனை உருக்கிவிடும். நெடுநாள் மடித்து வைத்திருந்த பாரசூட் ஒட்டிக்கொள்வதுண்டு. ஏவும் நாளில் விரித்து மீண்டும் மடித்தல் நன்று.

ஏவுகளம்

அமெரிக்கச் சங்கத்தின் நெறிமுறைப்படி மாதிரி ராக்கெட்டின் எடை 1,500 கிராமுக்கும் உந்துபொருள் 125 கிராமுக்கும் மேற்படலாகாது. இ, எஃப், ஜி மோட்டார்களுக்குக் களத்தின் மிகக் குறுகிய அளவு 1,000 அடி, அதாவது ஏறத்தாழ 300 மீட்டர் இருக்கவேண்டும். காற்று மணிக்கு 20 மைலுக்குமேல் வீசும்போது ஏவுதல் கூடாது. தண்டு செங்குத்திலிருந்து 30 பாகைக்குமேற் சாய்தல் கூடாது. இவ்வகை மோட்டார்களை ஏவும்போது எவரும் 30 அடிக்குள், அதாவது 9 மீட்டருக்குள், நிற்கலாகாது. தண்டின் அடியில் தீச்சுடர் உலர்ந்த புல்லிற் படாதவாறு தகடு வைக்கப்படும்.

தீமூட்டுவது மின்சாரத்தால் மட்டுமே. திரியைக் கொளுத்திவிட்டு ஓடும் முறைக்கு இங்கு இடமில்லை. மின்சுற்றில் ஒரு சாவி இருக்கும். அச்சாவி களப் பொறுப்பாளரிடமே இருக்கவேண்டும். உரக்க எண்ணிக்கை சொல்லி, வானத்தில் விமானம் இல்லை என்று கண்டபின் பொத்தானை அழுத்துவர். மோட்டார் பற்றாவிடில் சாவியை எடுத்துவிட்டு 60 விநாடி காத்திருந்த பின்னரே எவரும் அருகில் செல்லலாம். இந்த 60 விநாடி பொறுமையே விபத்துக்கும் விபத்தின்மைக்கும் இடையே நிற்கும் சுவர். மின்கம்பியிலோ உயர்ந்த மரத்திலோ சிக்கிய ராக்கெட்டை மீட்க முயல்வதும் விலக்கப்பட்டுள்ளது.

உயரத்தை அளத்தல்

ஏவியதோடு பாடம் முடிவதில்லை. ஏவுமிடத்திலிருந்து 150 மீட்டர் தள்ளி ஒருவர் நிற்கட்டும். பாகைமானியில் நூற்குண்டு தொங்கவிட்டுச் செய்த கருவியால் உச்சியின் ஏற்றக் கோணத்தை அவர் அளக்கட்டும். கோணம் 60 பாகையாயின், 150ஐ 1.732ஆற் பெருக்க, உயரம் ஏறத்தாழ 260 மீட்டர். காற்றில் சாய்ந்து ஏறும் ராக்கெட்டுக்கு இக்கணக்கு பிழைபடும். ஏவுமிடத்தின் இரு மருங்கிலும் இருவர் நின்று அளந்தால் பிழை எவ்வளவு என்பது தெரியவரும். ஒவ்வொரு பயணத்துக்கும் எடை, மோட்டார், காற்று, கோணம், இறங்கிய தூரம் ஆகியவற்றைப் பதிவேட்டிற் குறித்துவைப்பவர், அடுத்த முறை நிகழப்போவதை முன்கூட்டியே சொல்லத் தொடங்குவர்.

நம் பள்ளிகளில்

நம் நாட்டில் வெடிபொருள்களைச் செய்தலும் வைத்திருத்தலும் விற்றலும் இறக்குமதி செய்தலும் 1884ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டத்துக்கும் 2008ஆம் ஆண்டின் விதிகளுக்கும் உட்பட்டவை. ஆகவே மோட்டார் கொண்ட ராக்கெட்டை ஏவ விரும்பும் பள்ளி, உரிமம் பெற்ற நிறுவனத்தின் மேற்பார்வையிலும், உரிய அதிகாரிகளின் முன் ஒப்புதலோடும் மட்டுமே அதில் ஈடுபடவேண்டும். ஆசிரியரோ மாணவரோ மருந்தைக் கலப்பதும், பட்டாசுகளைப் பிரித்து மருந்தைச் சேர்ப்பதும், தீக்குச்சித் தலைகளைக் குழாயில் அடைப்பதும் எக்காரணம் பற்றியும் கூடாதவை. 1957இல் அமெரிக்க ஊர்களில் நிகழ்ந்த துயரம் எவ்வூரிலும் நிகழக்கூடியதே. அதனைத் தடுக்கவல்லவர் பெரும்பாலும் மாணவனின் ஆர்வத்தை முதலில் அறியும் ஆசிரியரும், கிராமத்தில் அவனைக் காணும் கள ஊழியருமே ஆவர். வெறும் தடை போதாது. ஆர்வத்துக்கு நல்வழி ஒன்றையும் காட்டவேண்டும்.

அவ்வழி அருமையானதன்று. மேலே சொன்னவற்றுள் மருந்து தேவைப்படும் பகுதி மிகச் சிறியதே. காகிதக் குழலும் அட்டைச் சிறகும் கொண்டு உடலைக் கட்டலாம். ஈர்ப்பு மையத்தைக் காணலாம். சுழற்றிச் சோதிக்கலாம். பாரசூட்டைச் செய்து மாடியிலிருந்து ஆசிரியர் முன்னிலையில் இறக்கி நேரத்தை அளக்கலாம். பிளாஸ்டிக் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு நீர் நிரப்பி, மிதிவண்டிப் பம்பினாற் காற்றை ஏற்றி ஏவும் நீர் ராக்கெட்டில், நிலைப்பின் விதியும் நியூட்டனின் மூன்றாம் விதியும் அப்படியே விளங்கும். அதற்கும் சோடா நிரப்பிவந்த கீறலற்ற போத்தலே வேண்டும்; கண்ணாடிப் போத்தலும் உலோகக் குழாயும் கூடா. கண்ணுக்குக் காப்பணிந்து, நீண்ட கயிற்றால் தொலைவிலிருந்து விடுவித்தலும் வேண்டும்.

சிறகைச் சற்றே சிறிதாக்கிய ஒரு ராக்கெட்டையும் சரியாகச் செய்த மற்றொன்றையும் அடுத்தடுத்துச் சுழற்றிக் காட்டினால், கரும்பலகையில் ஒரு மணி நேரம் விளக்கவேண்டியதை மாணவர் ஒரு நிமிடத்தில் உணர்வர். பின்னர் அவர்களையே நிறுத்து, அளந்து, கணக்கிட்டு, எழுதிவைக்கச் செய்யவேண்டும். பொத்தானை அழுத்துமுன் ‘இது எவ்வளவு உயரம் போகும், எங்கே விழும்?’ என்று கேட்டு, விடையைப் பதிவேட்டில் எழுதிய பின்னரே ஏவுவது என்னும் வழக்கத்தை ஒரு பள்ளி கைக்கொள்ளுமாயின், அங்கே ராக்கெட் விளையாட்டு விஞ்ஞானப் பாடமாகிவிடும்.